கெஸ்ட் ஹவுஸில் ஒரு இன்லேண்ட் லெட்டர்

தணிகாசலத்திடம் ஒரு காகிதத்தை நீட்டினால் போதும், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் ஆபீஸ் நோட்டீஸ், கோர்ட்டு சம்மன், ஊரிலிருந்து வந்த கடிதம் என்று எதுவானாலும் சரி. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்துச் சொல்வார். கெட்ட சேதியாக இருந்தால் ஆளை முதலில் உட்காரவைத்துவிட்டுத்தான் சொல்வார். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எல்லோரும் இதைச் சேவை என்கிறார்கள். இரண்டாயிரத்து நாலு பொங்கல் விழாவில் தமிழ் மன்றத்துக்காரர்கள் அவருக்கு ஒரு சால்வை போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். மனிதர் மேடைப் பக்கமே வரவில்லை. சால்வையை வீட்டுக்கே கொண்டுபோனவர்களை வாசலில் நிறுத்தி, "போங்கய்யா, வேற ஆளே கிடைக்கலியா உங்களுக்கு?" என்று விரட்டிவிட்டார்.

தன்னடக்கம் என்று தெருவே பேசிக்கொண்டது. தன்னடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது வெட்கம். பன்னிரண்டு வருஷமாக உள்ளே வைத்துப் பூட்டிய வெட்கம்.

அதற்கு முன்னால் அவர் வேறு மாதிரி ஆள். ஒரு பொதுத்துறை ஃபாக்டரியில் லேத் ஆபரேட்டர். காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் மன்றத்து நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். பெங்களூர்த் தமிழ் அவருக்கு ஆகவே ஆகாது. யாராவது வழியில் பார்த்து "ஊட்டா ஆச்சா அண்ணே?" என்று அன்பாகக் கேட்டால், "சாப்பிட்டாயான்னு கேளு, வாய் சுளுக்கிக்காது" என்பார். நாற்பது வயதுக்குள் அந்தத் தெருவில் பாதிப் பேரின் தமிழைத் திருத்தி, மீதிப் பேரின் பகையைச் சம்பாதித்திருந்தார். ஃபாக்டரி ரிஜிஸ்டரில் அவர் பெயரை 'டி. சலம்' என்று சுருக்கிவிட்டார்கள் என்று டைம் ஆபீஸில் மூன்று மாதம் சண்டை போட்டவர். "தணிகாசலம்னா முருகன் பேரு. சலம்னா என்னய்யா அர்த்தம், தண்ணியா?" என்று கேட்பார். கடைசிவரை அவர்கள் மாற்றவில்லை.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரி விவகாரத்தில் நகரம் பற்றிக்கொண்டது. ஃபாக்டரியிலிருந்து கிருஷ்ணப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார் தணிகாசலம். பக்கத்து மெஷினில் வேலை செய்கிறவர் கிருஷ்ணப்பா, மாகடிப் பக்கத்துக் கன்னடக்காரர், பதினைந்து வருஷச் சிநேகிதம். ஒரு திருப்பத்தில் நாலைந்து பேர் வண்டியை மறித்தார்கள். பின்னால் இருப்பவன் யார் என்று கேட்டார்கள். கிருஷ்ணப்பா வண்டியை அணைக்காமலே, "நம்மவனே, பிடுரோ" என்று அதட்டினார். நம்ம ஆள்தான், விடுங்கடா. விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது, ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் தணிகாசலத்தின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவில் தமிழில் எழுதியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

கலவரம் அடங்கியது. அவருக்குத்தான் அடங்கவில்லை. பஸ்ஸில் யாராவது உரக்கப் பேசினால் திடுக்கிட்டார். "ஒரு நாலு நாள் கடல் பார்த்துட்டு வாய்யா, எல்லாம் சரியாப் போகும்" என்று கிருஷ்ணப்பாதான் யோசனை சொன்னார். ஃபாக்டரி வெல்ஃபேர் கமிட்டி தொழிலாளிகளுக்காகக் குந்தாபுரத்துக்கு வடக்கே கடற்கரையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் எடுத்திருந்தது. ஜனவரியில் பொங்கல் வாரத்துக்கு யாரும் எழுதிப் போடவில்லை. அது டி. சலத்துக்குக் கிடைத்தது. அலாட்மென்ட் சீட்டில் அந்தச் சுருங்கிய பெயரைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சந்தோஷப்பட்டார்.

பஸ் ஏறுவதற்கு முன்பே சட்டம் போட்டுவிட்டார். அங்கே போய் யாரும் தமிழ் பேசக்கூடாது. எட்டு வயது கிருத்திகாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. அவள் படிப்பது கன்னடப் பள்ளிக்கூடம், பொரிந்து தள்ளுவாள். மாட்டிக்கொண்டது மனைவி ஜெயலட்சுமிதான். அவள் வேலூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய கன்னடம் தக்காளி வாங்கத்தான் காணும், அதுவும் அரைக் கிலோவுக்கு மேல் போனால் தடுமாறும்.

"அப்ப நான் நாலு நாளும் ஊமையா இருக்கணுமா?"

"தலையாட்டு. ஆமான்னா 'ஹௌது', வேணாம்னா 'பேடா', ரெண்டு போதும். உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறேன்."

"கடல் பாக்கப் போறமா, களவாடப் போறமா?" என்று கேட்டாள் ஜெயலட்சுமி.

கெஸ்ட் ஹவுஸைப் பற்றி உள்ளதைச் சொல்லவேண்டும் என்றால், கடற்கரையில்தான் இருந்தது, கடல்தான் தெரியவில்லை. கடலைப் பார்த்த இரண்டு அறைகளும் ஆபீசர்களுக்கு. யாரும் வராவிட்டாலும் பூட்டியே இருக்கும். தொழிலாளிக்குப் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியும், நாலு தென்னை மரமும், துணி துவைக்கிற கல்லும். சத்தத்தை வைத்துக் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியது. குழாயில் உப்புத் தண்ணீர், எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. மெத்தையில் மணல். தலையணை உறையில் முன்னால் வந்தவர்களின் தேங்காய் எண்ணெய் வட்டம். சாப்பாட்டுக்குக் குச்சலக்கி என்கிற சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் சுண்டைக்காய் அளவுக்கு இருந்ததால் கிருத்திகா எண்ணிச் சாப்பிட்டாள்.

மேனேஜர் சேஷகிரி, ஐம்பது வயதுக்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை. முதல் நாளே ரிஜிஸ்டரை நீட்டி, "பெங்களூரா? எந்தப் பக்கம்?" என்று கன்னடத்தில் கேட்டார். ஸ்ரீராம்புரம் என்றால் தமிழ் என்று தெரிந்துவிடும் என்று, "ராஜாஜிநகர்" என்றார் தணிகாசலம். பக்கத்துப் பேட்டைதான். பொய்க்கும் ஒரு நேர்மை இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அறை பெருக்கவும் போர்வை துவைக்கவும் சரசு என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். கொங்கண் ரயில் பாதை போட அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்தில் ஒருத்தி. புருஷன் மலை குடைகிற இடத்தில் வேலை பார்த்து, தூசி ஒத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். ஊரில் அம்மாவிடம் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு இவள் இங்கேயே தங்கிவிட்டாள். இதெல்லாம் சேஷகிரி கேட்காமலே சொன்னது. அவள் தமிழச்சி என்று தெரிந்ததிலிருந்து தணிகாசலம் அவள் பெருக்க வந்தால் வெளியே போய்விடுவார்.

பொங்கலன்று காலையில் கடலுக்குப் போனார்கள். வீட்டில் பொங்கல் வைக்காத முதல் வருஷம். "சங்கராந்தின்னு சொல்லு" என்றிருந்தார் அவர். சொல்ல ஆளில்லாததால் ஜெயலட்சுமி கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். கிருத்திகா கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு பெரிய அலை வந்து அவளை மடக்கி உட்காரவைத்து இழுத்தது.

"ஐயோ, புள்ளைய புடிங்க! புடிங்கங்க!"

ஹௌதும் இல்லை, பேடாவும் இல்லை. ஜெயலட்சுமியின் குரல் தென்னந்தோப்பு வரைக்கும் கேட்டது. தணிகாசலம் பாய்ந்து பிள்ளையைத் தூக்கிவிட்டார். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர், மற்றபடி ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தபோது கெஸ்ட் ஹவுஸ் மூலையில், துவைத்துக்கொண்டிருந்த கல்லை விட்டு ஓடிவந்து சரசு நின்றிருந்தாள். நனைந்த போர்வை கையில் அப்படியே தொங்கியது. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் முன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சேஷகிரி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ரயில் வேலைக்கு வந்த கான்ட்ராக்டர்கள் இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். ஒருவர் கன்னடப் பேப்பரை விரித்து வைத்திருந்தார், முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் காவிரி. சரசு ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த இன்லேண்ட் லெட்டரை எடுத்தாள்.

"சார், இது வந்து ஏழு நாளாச்சுங்க. படிச்சு சொல்ற மேஸ்திரி பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டாரு. இங்க வேற யாருக்கும் நம்ம எழுத்து தெரியாது. கொஞ்சம் பாத்து சொல்லுங்க சார். எங்கம்மாகிட்டருந்து வந்திருக்கு. புள்ளைங்க அங்கதான் இருக்குது."

சொல்லிக்கொண்டே கடிதத்தை விரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

படிக்கத் தெரிந்தவன் எழுத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க முடியாது. கண்ணுக்கு அந்த வேலை மட்டும்தான் தெரியும், பயமெல்லாம் அதற்குத் தெரியாது. எழுதியிருந்தது ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல கையெழுத்து. 'சரசுவுக்கு ஆசீர்வாதம். உன் தாயாருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நாள் கணக்குத்தான் என்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இதைத் தந்தி போல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும்.' தேதி ஜனவரி நாலு. அன்றைக்குப் பதினைந்து.

சேஷகிரி வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். தணிகாசலத்தின் காதில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. யாரோ வண்டியை மறித்து, பின்னால் இருப்பவன் யார் என்று கேட்டார்கள்.

"நனகே தமிளு பரல்லம்மா" என்றார். எனக்குத் தமிழ் வராதும்மா.

சரசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், அக்கா காலைல கத்துனாங்களே..." என்று ஆரம்பித்தாள்.

"கொத்தில்லம்மா. ஹோகு." தெரியாதும்மா, போ என்றார். எழுந்து நின்றுவிட்டார்.

அந்த இரண்டு கான்ட்ராக்டர்களும் இவரைப் பார்க்கவே இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் பேப்பரில் பின்பக்கத்துக் கிரிக்கெட் செய்தியில் மூழ்கியிருந்தார். மற்றவர் தீக்குச்சியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். அந்த வராந்தாவில் யார் தமிழ், யார் எது என்று கவலைப்பட்ட ஒரே ஆள் தணிகாசலம்தான். கத்தியும் இல்லை, கல்லும் இல்லை. காது குடைகிறவனுக்குப் பயந்து ஒருத்தியின் தாயை அவர் முழுங்கிவிட்டார்.

சரசு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். வாசற்படியில் ஈரத்தலையோடு கிருத்திகா நின்றிருந்தாள். அப்பா போட்ட சட்டத்தை மீறாமல் கன்னடத்திலேயே கேட்டாள், "அப்பா, நினகே தமிளு ஓதக்கே பரல்வா?" உனக்குத் தமிழ் படிக்க வராதா? தினமும் நூலகத்தில் சத்தமாகப் பத்திரிகை படிக்கிற அப்பா. அவளுக்கு அது கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். அவர் பிள்ளையைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம்வரை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விளக்கு வைத்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, கிசுகிசுப்பாக ஜெயலட்சுமியிடம் சொன்னார்.

"நீங்க படிச்சிங்களா?"

"கண்ணுல பட்டுச்சு."

"முழுசா?"

அவர் தலையை ஆட்டினார்.

"படிச்சிட்டு தெரியாதுன்னு சொன்னிங்களா? சாகக் கிடக்கிறவள வச்சிக்கிட்டா?" ஜெயலட்சுமி எழுந்துவிட்டாள். "நான் போய் சொல்றேன். எனக்கு எந்த பாஷைக்கும் பயமில்ல."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரை நடந்ததைப் பயம் என்று சொல்லி யாராவது மன்னித்துவிடலாம். இதற்குத்தான் பின்னால் அவரால் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் இது நிதானமாக உட்கார்ந்து போட்ட கணக்கு. "இப்ப சொன்னா, மத்தியானம் ஏன் சொல்லலன்னு மேனேஜர் கேப்பான். காலைல ஏழரைக்கு நமக்கு பஸ். கிளம்புறப்ப அவள தனியா கூப்ட்டு சொல்லிடறேன். அப்புறம் யாருக்கு என்ன தெரிஞ்சா நமக்கென்ன, நாம பஸ் ஏறியிருப்போம்."

"ஒரு ராத்திரி போயிடுமே."

"ஏழு நாள் போயிருக்கு. ஒரு ராத்திரில என்ன?"

ஜெயலட்சுமி கையை உதறிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. அவளுக்கும் அந்த வருஷம் பயம் இருக்கத்தான் செய்தது, ஒத்துக்கொள்ளாவிட்டாலும். அதற்காகப் பின்னால் அவளும் தன்னைக் கடிந்துகொண்டாள்.

காலையில் ஆறு மணிக்கே தணிகாசலம் எழுந்து, ஒரு நூறு ரூபாய் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனார். துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. சமையலறைத் திண்டில் யாரும் இல்லை. முன்பக்கம் வந்தால் சேஷகிரி தானே விளக்குமாற்றை வைத்து வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சரசு எங்கே?" கன்னடத்தில்தான் கேட்டார்.

"ஊருக்குப் போய்விட்டாளே. நேற்று சாயங்காலமே."

தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். தெய்வம் இருக்கிறது. "யார் படித்துச் சொன்னது?" என்று ஆவலாகக் கேட்டார்.

சேஷகிரி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். அவர் பேசியது முழுக்கக் கன்னடம். கோபமாகப் பேசவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"நீங்கள்தான் சார் சொன்னீர்களாம். என்னிடம் வந்து அழுதாள். யாரம்மா படித்தது என்றேன். அந்த சார் படித்துவிட்டார் என்றாள். அவருக்குத் தமிழ் வராதாமே என்றேன். இல்லை ஐயா, எனக்கும்தான் படிக்க வராது, நான் பார்த்தால் காகிதத்தைப் படம் மாதிரி பார்ப்பேன், அவர் கண் வரி வரியாக ஓடியது, கடைசி வரிக்குப் போய் நின்றுவிட்டது, அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை, நல்ல சேதியாக இருந்தால் பார்த்திருப்பார் என்றாள்." வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பிவிட்டு வந்தார். "நீங்கள் தமிழ் என்று எனக்கு முதல் நாளே தெரியும் சார். உங்கள் வீட்டம்மா வாயே திறக்கவில்லை, அதிலேயே தெரிந்தது. இங்கே பாதிப் பேர் துளு, பாதிப் பேர் கொங்கணி. யார் கேட்கப் போகிறார்கள்?"

தணிகாசலத்தின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"நானே மங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்" என்றார் சேஷகிரி. "செத்தது யார் என்று தெரியாமல் போகிறாள், அதுதான் கஷ்டமாகிவிட்டது. வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். பெரியவனா ஐயா, சின்னவளா ஐயா என்று. எனக்கு என்ன தெரியும்? அம்மாவாகத்தான் இருக்கும், வயசானவர்கள் என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. அம்மா என்றால் அந்த சார் சொல்லியிருப்பாரே, பிள்ளையாக இருந்ததால்தான் வாய் வரவில்லை என்கிறாள். உங்களை அவ்வளவு நல்லவராக நினைத்துக்கொண்டு போகிறாள்." பிறகு ஒரு அடி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யார் சார் அது?"

"அவங்க அம்மாதான்" என்றார் தணிகாசலம். "புள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்குதுங்க. வாத்தியார் வீட்ல சௌக்கியமா இருக்குதுங்க. கவலைப்பட வேணாம்னு எழுதியிருக்காங்க."

தமிழில் சொல்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு நாள் பூட்டி வைத்திருந்த தமிழ் சத்தமாக, தெளிவாக, ஒரு பிழையில்லாமல் வந்தது. சேஷகிரி முழுவதையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்து மறுபடியும் பெருக்கத் தொடங்கினார். சரசு அப்போது மலையேறி, எங்கோ பாதி வழியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அரூர் போய்ச் சேர இன்னும் ஒரு பகல் முழுக்க இருந்தது.